கொழும்பு வாடகை, கண்டி வாடகை, ஒரு பாத்தி போஞ்சி

கொழும்பா கண்டியா என்ற கணக்கை நாங்கள் கொழும்பிலும் போடவில்லை, கண்டியிலும் போடவில்லை. லிந்துலைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அம்மாவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து போட்டோம். தீபாவளிக்குப் போயிருந்த நேரம். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள்; ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் போய்க் குடும்பச் செலவைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? ஊரே கூடிவிட்டது.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில் ஸ்டோர் பார்க்கிறவர். முதலாளி கண்டியிலும் ஒரு கடை திறந்தார். "நீங்க அங்க போறீங்களா? சம்பளம் இதேதான்" என்று கேட்டிருந்தார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். மகள் சின்ன வகுப்பு. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் இருந்தோம். காற்றாடியை நிறுத்தினால் வேர்வை துணியில் சொட்டும், தைத்த பிளவுஸில் கறை விழும். அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில்லும் அதோடு சேர்ந்து ஓடும்.

"கண்டியில காத்தாடி வேணாம். அந்தக் காசு மிச்சம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போர்வ வாங்கணுமே" என்றேன். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்லாமல் இருக்க மாட்டேன். பிறவிக் குணம்.

கொழும்பில் மீன் மலிவு, கண்டியில் மரக்கறி மலிவு. கொழும்பில் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், கண்டியில் ஸ்கூல் வேன் வேண்டும். கொழும்பில் எனக்கு வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், கண்டியில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. வாடகை குறையும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். விசாரித்தால், அங்கேயும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கும் கம்பஸில் படிக்கிற பிள்ளைகளுக்கும் அறை விட்டுப் பழகிப்போய், கிட்டத்தட்ட கொழும்பு விலையையே சொன்னார்கள். அதற்கு மேல் புதிதாக முற்பணம். தட்டுமுட்டுச் சாமான் ஏற்ற லொறிக் கூலி.

பக்கத்துக் காம்பரா அக்கா அதுவரை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். "இரு புள்ள, எனக்கு ஒண்ணு வெளங்கல. வேல குடுக்குறவரு வீடு குடுக்க மாட்டாரா? என்னா தொர அவரு?"

தோட்டத்தில் துரையிடம் வேலைக்குப் பேர் பதிந்தால் காம்பரா தானாக வரும். ஒழுகும், கறையான் பிடிக்கும், அது வேறு கதை. ஆனால் கூரைக்குக் காசு கொடுக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. தண்ணீர் மலையிலிருந்து பீலியில் வழிந்து வரும், விறகு கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியில் கிடைக்கும்.

"தண்ணிக்குப் பில்லு வருமாம்க்கா" என்று என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"தண்ணிக்கா!" அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்ப குளிக்கிறதுக்கும் காசா? அட கெரகமே!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் நான் தீர்ப்புச் சொன்னேன். கண்டியில் ஒன்றும் மிஞ்சப்போவதில்லை, போகிற இடத்தில் புதிதாக நாய்ப்பாடு படுவதற்கு இருக்கிற இடத்திலேயே படலாம். வேண்டாம். முடிந்தது பேச்சு.

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ஒங்கப்பா மாத்தரய ஒடச்சி ஒடச்சி திங்கிறாரு. பாதி இன்னிக்கி, பாதி நாளைக்கி."

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் மாதா மாதம் கிளினிக். லிந்துலையிலிருந்து இருட்டோடு கிளம்பி, ஹட்டனில் பஸ் மாறி, கண்டிக்குப் போய்ச் சேரும்போது நம்பர் கொடுத்து முடிந்திருக்கும். அப்படி முடிந்துவிட்டால் ஆஸ்பத்திரி விறாந்தையில் துண்டை விரித்துப் படுத்து மறுநாள் பார்க்க வேண்டும். நாலைந்து தரம் அப்படிப் படுத்தவர், பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போகத் தொடங்கியிருக்கிறார். போகாத மாதத்துக்கு மாத்திரை வேண்டுமே? சட்டைப் பையில் ஒரு பாதி பிளேடு வைத்திருந்தார், காகிதத்தில் சுற்றி. சவரம் செய்கிற பிளேடு. அதை வைத்து ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக வெட்டியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

அப்பா வந்ததும் நான் பிடித்த பிடியில் லயமே அமைதியாகிவிட்டது. "டாக்டர் முழுசா குடுக்குறாரு, நீங்க பாதியா வெட்டுறீங்க, அப்ப நெஞ்சும் பாதிதான் வேல செய்யும், பரவால்லயா?" என்று கத்தினேன். அழுகையும் கூடவே வந்ததால் பாதி வார்த்தை விளங்கியிருக்காது.

"பாதியிலயே நல்லாதான் இருக்கு புள்ள" என்றார் அப்பா. அவர் எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். என் குணம் அம்மா பக்கத்துக் குணம்.

என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கேதான் சிக்னல் வரும். முதலாளிக்குப் போன் போட்டு, "கண்டிக்கு வாறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி ரொட்டியில் கை வைத்தார். நான் அந்த மனிதரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் அந்த நிமிஷத்துக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீடும் முதலாளியே பார்த்துக் கொடுத்தார். அவருடைய சாச்சியின் வீடு. சின்னம்மாவை முஸ்லிம் வீடுகளில் சாச்சி என்பார்கள். சாச்சி மேல்மாடியில் தனியாக இருந்தார், கீழ்வீடு எங்களுக்கு. முதலாளியின் முகத்துக்காக முற்பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நான் அவரை ஆன்ட்டி என்றேன். கண்டிப்பான மனுஷி. கேட்டைச் சாத்தாமல் போனால் மாடியிலிருந்தே சத்தம் வரும். வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம், முழுக்கப் புல். எங்கேயோ சொல்லி, சதுரம் சதுரமாக வெட்டிவந்து பதித்த புல்லாம். மகள் அதில் கால் வைத்தால் போதும், "புல்லு புள்ள, புல்லு!" என்பார்.

கண்டியில் செலவு குறைந்ததா என்று கேட்டால், இல்லை. காற்றாடிக் காசு வேனுக்குப் போயிற்று. மரக்கறியில் மிஞ்சியது மீனில் தீர்ந்தது. புது வாடிக்கை பிடிப்பதற்குள் என் மிஷின் பாதி நாள் மூடிக் கிடந்தது. ஆனால் அப்பா கிளினிக்குக்கு முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் படுத்தார். காலையில் சுடச்சுடத் தேத்தண்ணி குடித்துவிட்டு, முதல் ஆட்களோடு போய் நம்பர் எடுத்தார். பத்து காசு வாங்காமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். "அப்பாவுக்கு இப்ப பரவாயில்ல" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிய அந்த நர்ஸின் முகம்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

இப்படிச் சில மாதம் போயிற்று. அதற்குள் ஆன்ட்டியின் மகளுக்குப் பிரசவம் என்று அவர் கொழும்புக்குப் போனார். அந்த மாதம் அப்பா வந்தபோது ஏதோ டெஸ்ட் எடுக்க வேண்டும், ரெண்டு மூணு நாள் தங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள். நான் தைத்த துணிகளைக் கொடுக்க டவுனுக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தேன். கேட்டைத் திறந்தேன். புல்லைக் காணோம்.

ஒரு துளி புல் இல்லை. மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, கயிறு பிடித்த மாதிரி பாத்தி கட்டியிருந்தது. வெட்டின புல் மூலையில் குவிந்து கிடந்தது. நடுவில் அப்பா, மம்பட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"புல்லு மண்டிக் கெடந்துச்சு புள்ள" என்றார். "பாவம், அந்தம்மா தனியா என்னாத்த செய்யும்? சுத்தம் பண்ணிட்டேன். போஞ்சி வெத கையில இருந்துச்சு, போட்டுட்டேன். ஓரத்துல கொஞ்சம் கரட்."

தோட்டத்து ஆளைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியாது. லயத்தைச் சுற்றியிருக்கிற மண் யார் கொத்துகிறார்களோ அவர்களுடையது. அதற்குத் துரையும் கேட்பதில்லை, பக்கத்து வீடும் கேட்பதில்லை. புல் என்றால் அப்பாவுக்கு வெட்டுவதற்கு என்றே முளைக்கிற சாமான். மலை மலையாகப் புல்லு வெட்டித்தான் எங்களை வளர்த்தார். அதைக் காசு கொடுத்து வாங்கி, தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்கள் என்று அவரிடம் யார் சொன்னது?

சாயந்தரம் என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். தலையில் கை வைத்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தி நல்லா வந்திருக்கு மாமா" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

போனில் சொன்னால் பிரசவ வீட்டில் இருக்கிறவருக்குத் தலை வெடிக்கும், வந்த பிறகு பக்குவமாகச் சொல்வோம் என்று விட்டோம். டெஸ்ட் முடிந்து அப்பா தோட்டத்துக்குப் போனார். அடுத்த கிளினிக்குக்கு அவர் வந்து இறங்கிய அதே நாள், ஆன்ட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கினார். விதை அதற்குள் முளைத்து, இலை விட்டு, கொடி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"யா அல்லாஹ்! ஏன்ட புல்லு!"

பக்குவமெல்லாம் அங்கேயே பறந்துவிட்டது. அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாந்தாங்க அம்மா" என்று முன்னால் போனார்.

"யார்ட்ட கேட்டுச் செஞ்ச நீங்க? ஏன்ட வீட்டு வாசல்ல வந்து மண்ண கொத்துறதுக்கு இது என்ன ஒங்கட தோட்டமா?"

வெளியில் எங்களை மட்டம் தட்ட எடுக்கிற அந்தத் தோட்டம் என்ற வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்ச் சுள்ளென்று தைத்தது. அவர் அதை நினைத்துச் சொன்னாரோ இல்லையோ, நான் எகிறிவிட்டேன். "புல்லத் தின்னவா போறீங்க? எங்கப்பா ஒண்ணும் களவெடுக்கல. எங்க முற்பணத்தக் குடுங்க, நாங்க போறோம்!"

"நல்லம். மாசம் முடிய வீட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி படியேறிப் போய்விட்டார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்பா உள்ளே போய்ப் பையை எடுத்தார். "மாப்பிள்ளைக்கு அவங்க சொந்தக்காரர் கடையில வேல. என்னால ஒங்களுக்கு வீடும் போயி வேலயும் போகக் கூடாது" என்றார். விடிந்தால் கிளினிக். நான் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. அதே சாயந்தரம் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் லிந்துலைக்குப் போனேன். கிளினிக்கில் விசாரித்ததில், வரும் வாரம் வந்தாலும் பார்த்து மருந்து தருகிறோம் என்றிருந்தார்கள். அதைச் சொல்லிக் கூட்டிவரத்தான் போனேன். அப்பா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"நான் வந்தாதான ஒனக்கு வீடு போவுது? வரல புள்ள."

"வீடு போனா வேற வீடு பாப்போம்ப்பா!"

"அதுக்கும் முற்பணம் கேப்பாங்க." பிளந்த விறகை அடுக்கினார். "நீதான அன்னிக்கி எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சி சொன்ன."

நான் அடுப்பங்கரையில் போட்ட கணக்கை அவர் வெளியே நின்று கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போனால், அம்மா சுவரில் தொங்கிய அப்பாவின் சட்டையைக் காட்டினார். பையில் அந்தப் பிளேடு. பக்கத்தில், பொட்டலத்தில், பாதி பாதி மாத்திரைகள். அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கொழும்புக்கே திரும்பிப் போவதா, கண்டியிலேயே தெருத்தெருவாக வீடு தேடுவதா, எது செலவு குறைவு என்று மனது மறுபடி பழைய பாட்டைப் பாடத் தொடங்கியது. எந்த ஊரில் எவ்வளவு மிஞ்சினாலும் இந்த மனிதர் வரமாட்டார் என்றால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த நேரம்தான் போன் அடித்தது. ஆன்ட்டி. வாசலுக்கு ஓடினேன். உள்ளே சிக்னல் இல்லை, வெளியே காற்றுச் சத்தம். லவுட்ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா உடனே வெளியே வந்து, காய்ந்த துணியை மறுபடி காயப்போடத் தொடங்கினார்.

"புள்ள, இந்தப் போஞ்சி எல்லாம் நெலத்துல படுத்துக் கெடக்கு. என்ன செய்ற இதுக்கு?"

புடுங்கிப் போடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் விறகுக் கட்டைப் பக்கமிருந்து குரல் வந்தது. "கம்பு நடணும்னு சொல்லு. நெலத்துல விட்டா காயி அழுகிப் போகும்."

"ஆ, வாப்பா ஈக்கிறாரா? அவருக்குக் குடுங்க" என்றார் ஆன்ட்டி. "புல்லு பதிக்கிற ஆள் வந்து நிண்டான். நான் அனுப்பிட்டன். பூ வெச்சிருக்கிறத எப்பிடி நான் புடுங்குற? புல்லுக்கு நான் இன்னம் கோவந்தான். அது வேற. இப்ப இந்தக் கம்பு எங்க வாங்குற?"

"வாங்குறதா?" அப்பாவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "கம்பப் போயி யாருங்கம்மா காசு குடுத்து வாங்குவாங்க? நான் கொண்டாறேங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அக்கா துணிக்குப் பின்னாலிருந்து, "போச்சு! வாயக் குடுத்துட்டாரு!" என்று சத்தமாகவே சிரித்தார்.

"ஆன்ட்டி, மாசம் முடிய வீட்ட விடச் சொன்னீங்களே" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"நீங்க முற்பணத்தத் திருப்பிக் கேட்டீங்க, நான் வீட்டக் கேட்டன். ரெண்டு பேருக்கும் வாய் நீளம். நான் அண்டைக்குத் தோட்டம் எண்டு சொன்னது சரியில்ல, புள்ள. வாப்பாவக் கூட்டிட்டு வாங்க. கிளினிக்கும் ஈக்குதானே?"

"சரிங்க ஆன்ட்டி. பெரிய உபகாரம்" என்று மட்டும் சொன்னேன். மனசாரச் சொன்னேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

மறுநாள் விடியும்போது லயத்து வாசலில் கம்புக் கட்டு தயாராக இருந்தது. யார் யாரோ வெட்டிவந்து போட்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு கட்டுச் சோறும், ஆன்ட்டிக்கென்று தன் பாத்தியில் பிடுங்கிய ஒரு பை லீக்ஸும் கொடுத்தார். "அங்க தண்ணிக்கே பில்லு, பாவம் அந்தம்மா" என்றார். ஹட்டனில் கண்டி பஸ் கண்டக்டர் கம்புக் கட்டைப் பார்த்துவிட்டு, விறகு ஏற்ற முடியாது என்றார். "விறகு இல்ல தம்பி, போஞ்சிக்கு" என்று அப்பா விளக்கி முடிப்பதற்குள் பஸ்ஸே சிரிக்கத் தொடங்கிவிட்டது. கம்புக்கும் ஒரு டிக்கெட் எழுதினார். வீட்டுச் செலவுக் கணக்கில் இப்படி ஒரு வரி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்பா கிளினிக்குக்குப் போனார், டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், மருந்தோடு வந்தார்.

அதற்கடுத்த நாள் காலை. ஆன்ட்டி மாடிப்படியில் உட்கார்ந்து, அது கோணல், இது கோணல் என்று அங்கிருந்தே கம்புகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்பாவுக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோனேன். அவர் மாத்திரையைக் கையில் வாங்கினார். மற்றக் கை சட்டைப் பைக்குள் போயிற்று. காகிதத்தைப் பிரித்து அந்தப் பாதி பிளேடை எடுத்தார்.

"அப்பா!" என்றேன்.

"என்னா புள்ள?" என்றார். மாத்திரையை முழுசாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு குனிந்து, போஞ்சிக்கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டி, மிச்சச் சணல் கயிற்றைப் பிளேடால் வெட்டினார்.